ஊருக்குப் போவதும் ஊரைப் பார்ப்பதும்

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பயணம் என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்து வந்தது. ஊருக்குப் போவதே பயணம். எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, கைவரவு குறைந்தவர்க்கு ஈராண்டுக்கு ஒரு முறை, கோடை விடுமுறையில் பெட்டி படுக்கைகளுடன் புறப்படுவதும், சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் உற்றார் வீடுகளில் செலவிட்டுத் திரும்புவதுமே நம்மவர் கண்ட உலகம். எங்கள் குடும்பமும் இதற்கு விலக்கன்று.

1974-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாங்கள் பம்பாய் வந்து சேர்ந்தோம். மும்பாய் என்ற பெயர் ஆட்சிமுறையில் நிலைபெற்றது 1995-இல். அதனால் அந்நாளைய நினைவுகளைச் சொல்லும்போது பழைய பெயரே நாவில் வருகிறது, அன்பர்கள் பொறுத்தருள்க. மாதுங்காவில் ஒற்றை அறையும் ஒரு சிறு சமையற்கட்டுமே எங்கள் இல்லம். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் வேறு எந்த நாளுக்கும் குறியிராது. ஊருக்குப் புறப்படும் நாளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருப்போம்.

நெடும்பயணம்

அந்நாளில் பயணச்சீட்டுப் பெறுவதே ஒரு தவம். பல வாரங்களுக்கு முன்னரே, விடியுமுன் சென்று வரிசையில் நிற்க வேண்டும். கையில் ஒரு குவளைக் காப்பி, அக்குளில் ஒரு செய்தித்தாள், முன்னும் பின்னும் நம்மைப் போலவே ஊர் நினைவில் நிற்கும் தமிழர்கள். அந்த வரிசையில் அறிமுகமாகி வாழ்நாள் நண்பர்களானவரும் உண்டு.

இன்று சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் என வழங்கும் விக்டோரியா முனையத்திலிருந்து பிற்பகலில் சென்னை விரைவு வண்டி புறப்படும். கர்ஜத் நிலையத்தில் அது சற்று நீண்ட நேரம் நிற்கும். அங்கிருந்து கண்டாலா வரை போர் கணவாய் ஏற்றம். 37 அடிக்கு 1 அடி உயரும் செங்குத்தான அப்பாதையில் ஏற ஓர் எஞ்சின் போதாது. வண்டியின் பின்புறத்திலும் எஞ்சின்களைப் பூட்டித் தள்ளுவார்கள். 1863-இல் திறக்கப்பட்ட பாதை அது. எஞ்சின் பூட்டும் இடைவேளையில் கர்ஜத் நடைமேடையில் உருளைக்கிழங்கு வடை வாங்கித் தின்பது எங்கள் குழந்தைகளுக்குப் பயணத்தின் முதற்சடங்கு. லோனாவாலாவில் சிக்கி வாங்குவது இரண்டாவது. வெல்லப்பாகில் கடலையிட்டுத் தட்டையாக இழைத்த அந்தப் பண்டம் ஊரிலுள்ள உறவினர்க்குச் செல்லும். திரும்பி வரும்போது அதே பையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பம்பாய்க்கு வரும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அல்லவா அது! இரண்டுக்கும் மூலப்பொருள் கடலையும் வெல்லமுமே. ஆயினும் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்று எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வழக்கு நடக்கும்.

இரவில் சோலாப்பூர் கடந்து போகும். வைகறை இருளில் திடீரெனச் சக்கர ஓசை மாறும். பாலத்தின் மேல் வண்டி ஓடும் கடகடப்பைக் கேட்டே கிருஷ்ணா நதி வந்துவிட்டது என்று விழித்துக்கொள்வோம். தூக்கக் கலக்கத்துடன் குழந்தைகள் சன்னல் கம்பிகளினூடே காசு எறிவார்கள். காசு நீரில் விழுந்ததோ, இரும்புத் தூலத்தில் பட்டுத் தெறித்ததோ, அதை யார் கண்டார்? இராய்ச்சூருக்கு அப்பால் துங்கபத்திரையும் வரும். அவளுக்கும் ஒரு காசு உண்டு.

குந்தக்கல், கூத்தி, கடப்பை, ரேணிகுண்டா என்று வெயில் ஏறிக்கொண்டே போகும். நிலையப் பெயர்ப்பலகைகளில் மராத்தி போய்க் கன்னடம் வரும். கன்னடம் போய்த் தெலுங்கு வரும். அதன்பின் நாங்கள் காத்திருந்தது ஒரே ஒரு பலகைக்காக: திருத்தணி. எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் சென்னை மாநிலத்துடன் வந்து சேர்ந்த ஊர் அது. அந்தப் பெயரைக் கண்டதும் எங்கள் இல்லத்தரசியார் இருந்த இடத்திலிருந்தே மலையை நோக்கிக் கைகூப்புவார்.

1982-ஆம் ஆண்டு பயணம் எங்களுக்கு மறக்கவொண்ணாதது. மூத்தவளுக்கு அப்போது வயது 6. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, தெருவில் மராத்தி, தமிழோ இரவில் தாயார் சிலேட்டில் எழுதிக் காட்டியது மட்டுமே. வண்டி மெல்லத் திருத்தணி நிலையத்துள் நுழைந்தபோது, எவரும் சொல்லித் தராமலே அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பலகையில் ஆங்கில எழுத்தும் இருந்தமையால், அதைப் பார்த்துச் சொல்கிறாளோ என்று முதலில் ஐயுற்றோம். இறுதியில் நின்ற 'ணி'யை நாவை மடித்து அழுத்தி அவள் சொன்ன விதம் அந்த ஐயத்தைப் போக்கிவிட்டது. ஆங்கிலத்தில் அந்த 'ணி' ஏது? ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து வந்த களைப்பெல்லாம் அந்த ஓர் எழுத்தில் தீர்ந்தது.

சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டைகளோடு எழும்பூர் சென்று, மீட்டர் பாதை வண்டியில் மற்றோர் இரவு கழித்துத் திருநெல்வேலி சேர்வோம். இன்று அப்பாதை அகன்ற பாதையாகிவிட்டது. மும்பாயிலிருந்து தென்கோடிக்கு நேரே செல்லும் வண்டிகளும் உள்ளன. வசதி பெருகியது நன்றே. எனினும் அந்த இரண்டு இரவுகளில் நாங்கள் அறிந்த தேசத்தை வேறெந்தப் பள்ளியும் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்க முடியாது.

அன்னையார் காட்டிய ஊர்

இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. ஊருக்குப் போனோம், வந்தோம். மீண்டும் போனோம், வந்தோம். ஒரு நாள் எங்கள் இல்லத்தரசியார் கேட்டார்: "நாம் இந்த ஊரில் குடியிருக்கிறோமா, அல்லது சத்திரத்தில் தங்கியிருக்கிறோமா?" அலுவலகம், சந்தை, பள்ளி, கோயில் இந்த நான்கையும் விட்டால் பம்பாயில் எங்களுக்குத் தெரிந்த இடம் ஐந்தாவது இல்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்பது பழமொழி. எங்கள் கணக்கில் பம்பாய் உள்ளூராகவும் ஆகவில்லை. வெளியூராகக் கருதிப் பார்க்கச் சென்றதுமில்லை.

அந்தக் கேள்விக்கு விடை 1986-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. எங்கள் அன்னையார் முதன்முறையாகப் பம்பாய் வந்திருந்தார்கள். தாமிரபரணிக் கரையை விட்டு அதுவரை அதிகம் அகலாதவர்கள். அவர்களுக்கு எதையேனும் காட்ட வேண்டுமே என்று அண்டை வீட்டு மராத்திய நண்பரை வழி கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிறு காலை இந்தியாவின் நுழைவாயிலிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் படகேறினோம். கராப்புரி என்பதே அத்தீவின் பெயர். அங்கு நின்ற பெரிய கல்யானையைக் கண்டு போர்த்துக்கீசியர் இட்ட பெயர் எலிபெண்டா. அந்த யானையும் இப்போது தீவில் இல்லை. மும்பாய் பைகுல்லா அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கிறது.

ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். பிறகு வரிசை வரிசையாகப் படிகள். குகை வாயிலை அடைந்ததும் அன்னையார் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். "ஆச்சி, இங்கே கழற்ற வேண்டாம், பூசை கிடையாது" என்று பேத்தி சொன்னாள். "சாமி இருக்குல்லா, தாயி" என்று சொல்லி உள்ளே நடந்தார்கள்.

வழிகாட்டி ஒருவரை அமர்த்தலாம் என்று எண்ணியிருந்தோம். அதற்குத் தேவையே ஏற்படவில்லை. பாறையிற் செதுக்கிய ஒவ்வொரு காட்சியையும் அன்னையார் தம் தெருவில் உள்ளவர்களை இனங்காட்டுவது போல் சொல்லிக்கொண்டே வந்தார்கள். இராவணன் கயிலையைப் பெயர்க்கும் சிற்பத்தைக் கண்டு, "நம்ம கோயில்ல சாமி எழுந்தருளுத வாகனம்லா இது" என்றார்கள். பாதி ஆணும் பாதி பெண்ணுமாய் நின்ற உருவின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருமணக் காட்சியில் அம்மை இறைவனுக்கு வலப்புறம் நிற்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் கவனித்தார்கள். "பொண்ணு வலப்பக்கம் நிக்கா பாருங்க, இன்னும் தாலி ஏறல" என்று மருமகளிடம் காட்டினார்கள்.

குகையின் உட்புறத்தில், ஏறத்தாழ 20 அடி உயரத்தில், மூன்று முகங்களோடு எழுந்து நிற்கிறது சதாசிவத் திருவுரு. ஒரு புறம் சினம், மறுபுறம் பெண்மையின் கனிவு, நடுவே கண்மூடிய அமைதி. ஆறாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அச்சிற்பத்தின் முன் அன்னையார் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இதுக்கு விளக்கு யாரு போடுதா?" சிற்பங்கள் பின்னப்பட்டவை, தொல்பொருள் துறையினர் காத்து வருகிறார்கள், விளக்கேற்றும் வழக்கமில்லை என்று விளக்கினோம். அந்த விடை அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

திரும்பும் படகில்தான் எங்களுக்குரிய தீர்ப்பு வந்தது. "எய்யா, பன்னெண்டு வருசமா இந்த ஊர்ல இருக்கிய. நான் வந்து உங்களுக்குக் காட்ட வேண்டியதாயிட்டே!" நகைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். எங்களுக்கோ நாணத்தால் தலை நிமிரவில்லை. மறு ஆண்டே, 1987-இல், அக்குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. உலகம் அறிவதற்கு ஓராண்டு முன்னரே எங்கள் அன்னையார் அறிவித்துவிட்டார்கள் என்று இன்றும் வீட்டில் சொல்லிக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள்

அன்று முதல் எங்கள் இல்லத்தில் ஒரு சட்டம் பிறந்தது. மூன்று மாதத்திற்கு ஒரு ஞாயிறேனும் இந்த ஊரையும் இதன் சுற்றுப்புறத்தையும் பார்க்க வேண்டும். செலவு மிகக் கூடாது. முதல் நாள் இரவே புளியோதரை கிளறி, காலையில் தயிர்சாதம் பிசைந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகளை இலையிற் பொதிந்து, முதல் மின்வண்டியிலேயே புறப்பட வேண்டும்.

1988-இல் மாதேரான் சென்றோம். தானே மாவட்ட ஆட்சியராயிருந்த மாலெட் என்ற ஆங்கிலேயர் 1850-இல் கண்டு வெளியுலகுக்கு அறிவித்த மலை அது. நேரலிலிருந்து மலையுச்சிக்கு 2 அடி அகலப் பாதையில் ஒரு சிறு வண்டி ஏறுகிறது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தினரின் முயற்சியால் 1907-இல் திறக்கப்பட்ட பாதை. நம் நீலகிரி வண்டி பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். இதுவோ அத்தகைய துணையின்றி வளைந்து வளைந்தே ஏறுகிறது. 21 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். இளையவன் வளைவுகளை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் உறங்கிப்போனான். மேலே மோட்டார் வண்டிகளின் இரைச்சல் இல்லை. அவை தஸ்தூரியிலேயே நின்றுவிடுகின்றன. எதிரொலி முனையில் குழந்தைகள் தத்தம் பெயரைக் கூவ, பள்ளத்தாக்கு அதைத் திருப்பிச் சொல்லிற்று. செம்மண் படிந்த வெள்ளைச் சட்டைகளை மூன்று முறை துவைத்தும் நிறம் போகவில்லை. மழையால் சிதைந்து 2019-இல் நின்றுபோன அந்த மலைவண்டி 2022 அக்டோபரில் நேரலிலிருந்து மீண்டும் ஓடத் தொடங்கியது என்ற செய்தியைப் படித்தபோது, பழைய அன்பர் ஒருவர் நோய் தீர்ந்து எழுந்ததுபோல் மகிழ்ந்தோம்.

எல்லாப் பயணமும் இனிதே முடிந்தனவென்று சொல்ல மாட்டோம். ஒரு சூலை மாதம், மழையின் அழகைக் காண லோனாவாலா புறப்பட்டோம். கணவாயில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. கர்ஜத்திலேயே பாதி நாள் உட்கார்ந்து, எத்தனை வடை தின்றோமென்ற கணக்கையும் மறந்து, நனைந்த கோழிகளாக வீடு திரும்பினோம். வியப்பு என்னவென்றால், இன்று எங்கள் பிள்ளைகள் விரும்பிச் சொல்லும் கதை அதுதான். நன்றாக நடந்த பயணத்தை நாலு சொல்லில் முடித்துவிடலாம்; கெட்டுப்போன பயணத்தைப் பேசப் பொழுது போதாது.

1990-இல் கார்லா குகைகளைக் கண்டோம். மளவலி நிலையத்தில் இறங்கி, வயல்களினூடே நடந்து, மலைப்படிகளில் ஏறினோம். குகை முகப்பிலேயே ஏகவீரை அம்மன் கோயில் இருக்கிறது. கொங்கணக் கடற்கரையின் கோளி மீனவர்கள் குடும்பங்குடும்பமாக அந்த அம்மனைத் தொழ வருகின்றனர். அருகே, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் குடையப்பட்ட பெரிய பௌத்த மண்டபம். கூரையில் பதித்த மர வளைவுகள் இன்னும் உளுத்து விழாமல் நிற்கின்றன. தூண்களின் உச்சியில் மண்டியிட்ட யானைகள் மேல் ஆணும் பெண்ணுமாய் அமர்ந்திருக்கிறார்கள்.

அம்மண்டபத்தில் எங்கள் உள்ளத்தைத் தொட்டது சிற்பமன்று, எழுத்து. பல தூண்களில் அதைக் கொடுத்தவரின் பெயர் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வெறும் பெயர் மட்டுமன்று. இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்பதும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்தோர் பலர். அவர்களுள் யவனர் எனத் தம்மைக் குறித்துக்கொண்டவரும் உண்டு. வைஜயந்தி என்ற ஊரின் பூதபாலன் என்னும் வணிகன், இதைப் போன்ற குகை மாளிகை நாவலந்தீவிலேயே இல்லை என்ற பெருமிதத்துடன் எழுதி வைத்திருக்கிறான். வைஜயந்தி என்பது கன்னட நாட்டுப் பனவாசி என்பர் அறிஞர். அங்கிருந்து வந்தவன், வந்த இடத்தில் ஒரு மாளிகை அமைத்து, தன் ஊரின் பெயரை மறவாமல் பொறித்துச் சென்றான். வந்த ஊரில் தூண் நாட்டுவதும் பிறந்த ஊரை அதில் எழுதுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அந்தக் கல் எங்களுக்குச் சொல்லிற்று.

ஏட்டில் ஏறிய நினைவுகள்

1991-இல் எங்கள் அன்னையார் இறைவனடி சேர்ந்தார்கள். அவர்கள் பம்பாய் வந்தது அந்த ஒரு முறைதான். கராப்புரியில் அவர்களைப் படமெடுத்திருந்தோம். அக்காலத்துப் படச்சுருளைக் கழற்றும்போது எங்கள் கைப்பிழையாலேயே ஒளி பட்டு அத்தனை படமும் பாழாயின. ஆகவே அந்த நாளுக்குச் சான்றாக ஒரு துண்டுக் காகிதமும் எங்களிடம் இல்லை.

காரியங்கள் முடிந்து திரும்பிய சில நாட்களில், இரவுச் சாப்பாட்டின்போது பேச்சு அந்தத் தீவைத் தொட்டது. இளையவனுக்கு நினைவிருந்தது, குரங்கொன்று ஆச்சியின் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்ததும், "பசிக்கும்லா அதுக்கு" என்று ஆச்சி சிரித்ததும் மட்டுமே. மூத்தவளுக்கு, கையில் காலணியோடு நடந்த ஆச்சி. இல்லத்தரசியாருக்கு, விளக்கைப் பற்றிய அந்தக் கேள்வி. எங்களுக்கு, படகில் கேட்ட தீர்ப்பு. ஒருவர் அறிந்ததை மற்றவர் மறந்திருந்தோம். சில செய்திகள் சிலருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. நால்வர் நினைவையும் சேர்த்தபோதுதான் அந்த நாள் முழு உருவத்தோடு எங்கள் முன் நின்றது. நால்வரில் ஒருவர் பேசாதிருந்தாலும் அதில் ஒரு பகுதி அன்றோடு போயிருக்கும்.

இல்லத்தரசியார் எழுந்து போய்ப் பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து வந்து, அந்த நான்கையும் அன்றிரவே எழுதினார். அதுவே எங்கள் பயண ஏட்டின் முதற்பக்கம். அடுத்து, நினைவுக்கு வந்த பழைய பயணங்களையெல்லாம் எழுதினோம். திருத்தணிப் பலகையை மூத்தவள் தன் கையாலேயே எழுதினாள். அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் உண்டு. அவற்றைத் திருத்தாமலே வைத்திருக்கிறோம். இன்று ஏடுகள் மூன்றாகிவிட்டன. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் வேலை பார்க்கிறார்கள். விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகள் முதலில் கேட்பது, கர்ஜத்தில் வடை தின்ற பக்கத்தை.

இதை எழுத முற்பட்டது எங்கள் குடும்பப் பெருமை பேசுவதற்கன்று. நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய நாட்கள் எத்தனையோ புதைந்து கிடக்கின்றன. முதன்முதல் இந்த நகரத்து நடைமேடையில் மொழியறியாது நின்ற முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் எந்த வண்டியில் வந்தார்கள், வழியில் யார் சோறு பகிர்ந்தார்கள், இந்த ஊரில் முதலில் எதைக் கண்டு வியந்தார்கள் என்பதை நாம் கேட்டறிந்திருக்கிறோமா? இந்நாளில் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்கின்றன. ஆனால், காலணியை ஏன் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் படம் சொல்லாது. உடனிருந்தவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணம் முடிந்து வந்த வாரத்திலேயே, வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து, ஆளுக்கு ஒன்றாகத் தாம் கண்டதைச் சொல்லட்டும்; ஒருவர் எழுதட்டும். நாள், இடம், உடன் வந்தவர், சென்ற வழி, உண்ட உணவு, நேர்ந்த இடர் இவ்வளவே போதும். நடை அழகாக இருக்க வேண்டுவதில்லை. இளையவர்கள் தங்கள் பங்கைத் தமிழில் எழுதினால் பிழைகளைப் பொருட்படுத்தாதீர்கள். ஊருக்குச் சென்று வந்த கதையை எழுதுங்கள். அதற்கு அடுத்த பக்கத்திலேயே, இருக்கும் ஊரைச் சுற்றிப் பார்த்த கதையையும் எழுதுங்கள். நம் மக்கள் இரண்டு ஊருக்கும் உரியவர்கள்.

வருகிற ஞாயிறன்று மழையில்லையென்றால் கராப்புரிக்குச் செல்வதாக இருக்கிறோம். பேத்திக்கு இப்போது வயது 7. அந்தத் திருமணச் சிற்பத்தில் மணமகள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.